கண் கேட்டவருக்குக் கோல்: சுந்தரர் பதிகங்களில் வேண்டுதலும் விடையும்

திருவள்ளூரை அடுத்த பூண்டியில் நீர்த்தேக்கத்தை ஒட்டி ஊன்றீஸ்வரர் கோயில் இருக்கிறது. பாடல் பெற்ற தலங்களின் வரிசையில் இதற்குத் திருவெண்பாக்கம் என்று பெயர். பழைய கோயில் நின்ற இடம் இன்று தண்ணீருக்குள் கிடக்கிறது. சென்னையின் குடிநீருக்காகக் கொசஸ்தலையாற்றின் குறுக்கே கட்டிய அணை 1944-இல் முடிந்தது. அந்த நீர்த்தேக்கத்துக்காகக் கோயிலைப் பெயர்த்து இப்போதுள்ள இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு கண்ணும் தெரியாத நிலையில் சுந்தரர் வந்து பார்வை கேட்ட தலம் இது. பார்வை கிடைக்கவில்லை. ஊன்றிக்கொண்டு நடக்க ஒரு கோல் கிடைத்தது. சுவாமியின் பெயரே அந்தக் கோலால் வந்ததுதான்.

சொற்பொழிவு மேடைகளில் இந்த இடத்தை இரண்டு நிமிடத்தில் தாண்டிவிடுவார்கள். 'எல்லாம் அவன் விளையாட்டு' என்று ஒரு சிரிப்பு, உடனே காஞ்சிபுரம். அங்கே இடக்கண் கிடைத்துவிடுவதால் கேட்பவர்களுக்கும் நிம்மதி. எனக்கு அந்தக் கோல்தான் முக்கியமாகப் படுகிறது. நாம் கேட்ட வழியில் வராவிட்டாலும் நினையாத வழியில் இறைவன் விடை தருவான் என்ற நம்பிக்கை ஏறத்தாழ எல்லாச் சமயங்களிலும் உண்டு. ஆனால் அப்படியொரு விடை கைக்கு வந்த நேரத்தில், அது அருளா அலட்சியமா என்று புரியாமல் நின்றபோது பக்தர் என்ன பேசினார் என்பதற்கு அவர் வாய்மொழியாகவே பதிவு கிடைப்பது அரிது. சுந்தரர் விஷயத்தில் அது நம் கையில் இருக்கிறது.

நமக்குள்ள சான்றுகள் இரண்டு அடுக்கு. ஒன்று, ஏழாம் திருமுறையாகத் தொகுக்கப்பட்ட அவருடைய 100 பதிகங்கள், 1026 பாடல்கள். இன்னொன்று, சேக்கிழாரின் பெரியபுராணம். சுந்தரரின் காலம் பற்றி அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. எட்டாம் நூற்றாண்டை ஒட்டி வைப்பவர்கள் அதிகம். சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டினர், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தவர். ஆக, நடுவில் ஏறக்குறைய நானூறு ஆண்டு இடைவெளி. புராணம் பாட உட்காரும்போது சேக்கிழாருக்குக் கதையின் முடிவு தெரியும். கண் திரும்பி வந்ததும் தெரியும், முடிவில் கயிலைக்கு அழைத்துப்போக வெள்ளையானை வந்ததும் தெரியும். பதிகம் பாடுகிறவருக்கு அடுத்த நாள்கூடத் தெரியாது. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு இரண்டையும் ஒன்றாகக் குழைத்துப் படிப்பது நம் வழக்கமாகிவிட்டது. புராணம் சொல்லும் பின்னணி எல்லாவற்றுக்கும் பதிகங்களுக்குள் சான்று இருப்பதில்லை. அதனால் பதிகமே வாய்திறந்து சொல்லும் இடங்களுக்கு இங்கே முதலிடம் தருகிறேன்.

கதையின் தொடக்கத்தைப் பொறுத்தவரை சேக்கிழாரை விட்டால் நமக்கு வழியில்லை. கயிலையில் ஆலாலசுந்தரராக இருந்தவர் கமலினி, அநிந்திதை என்ற இரு பெண்கள்மேல் மனம் வைக்கிறார். மண்ணில் பிறந்து வாழ்ந்து வரும்படி ஆணையாகிறது. புறப்படும்முன் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறார்: மனிதப் பிறவியில் நான் மயங்கி நிற்கும்போது நீயே வந்து தடுத்து ஆட்கொள்ள வேண்டும். திருநாவலூரில் சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் மகனாகப் பிறந்த நம்பியாரூரருக்கு, அதாவது சுந்தரருக்கு, அந்த வேண்டுதல் நினைவில் இல்லை. புத்தூரில் சடங்கவி சிவாச்சாரியார் மகளோடு திருமணம் நடக்க இருக்கும் பந்தலில் முதிய அந்தணர் ஒருவர் நுழைந்து, இவன் எனக்கு வழிவழி அடிமை என்று ஓலை நீட்டுகிறார். மாப்பிள்ளை ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார், பித்தன் என்று ஏசுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போனபோது, கிழிந்தது படிதான், மூல ஓலை இதோ என்கிறார் கிழவர். பாட்டனார் கையெழுத்தை ஒத்துப் பார்க்கிறார்கள். மாப்பிள்ளை தோற்கிறார்.

இதற்குச் சேக்கிழார் வைத்த பெயர் தடுத்தாட்கொண்ட புராணம். கேட்டவருக்கே மறந்துபோன ஒரு வேண்டுதலுக்கு, அவர் வாழ்வின் மிக மகிழ்ச்சியான நாளைக் கெடுத்துக்கொண்டு விடை வருகிறது. (அந்த மணப்பெண் என்ன வேண்டிக்கொண்டிருந்தாள் என்று யாரும் விசாரிப்பதில்லை. சுந்தரரையே நினைந்திருந்து அவள் சிவலோகம் சேர்ந்தாள் என்று சேக்கிழார் கணக்கை முடித்துவிடுகிறார். எனக்கு அது போதவில்லை.)

கயிலை வேண்டுதல் புராணத்தின் கட்டுமானம் என்று ஒருவர் ஒதுக்கலாம். அவையில் நடந்த சண்டையை அப்படி ஒதுக்க முடியாது. திருநாவலூர்ப் பதிகத்தில் சுந்தரரே சொல்கிறார்: என்னை ஆட்கொண்ட நாளில் சபைமுன் நான் முரட்டுத்தனமாகப் பேசினேன், அதற்கு வன்தொண்டன் என்ற பெயரை வாழ்வாகத் தந்தார், நான் கீழ்த்தரமாகப் பேசியபோதும் பொன்னைத் தந்தார். அவர் தமக்கும் இறைவனுக்கும் இடையே இருந்த பழக்கத்தை இதைவிடச் சுருக்கமாக வேறெங்கும் சொல்லவில்லை. வைததற்குப் பெயர் கிடைக்கிறது. திட்டியதற்குப் பொன் கிடைக்கிறது. பணிந்து கேட்டால்தான் பலிக்கும் என்ற பொதுவிதி இவரிடம் செல்லுபடியாகவில்லை.

பொன் கதைகள் இரண்டு மூன்று உண்டு. அவற்றில் கவனமாகப் பார்க்க வேண்டியது திருமுதுகுன்றத்தில், அதாவது இன்றைய விருத்தாசலத்தில், நடந்தது. பன்னிரண்டாயிரம் பொன் கிடைக்கிறது. இதைத் திருவாரூர்க்காரர்கள் வியக்கும்படி அங்கே வரவழைத்துத் தர வேண்டும் என்கிறார் சுந்தரர். மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுப் போ, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்று பதில் வருகிறது. வரைபடத்தை எடுத்துப் பார்த்தால்தான் இதன் கனம் புரியும். மணிமுத்தாறு வெள்ளாற்றில் கலந்து பரங்கிப்பேட்டை அருகே கடலில் சேருகிற தண்ணீர். திருவாரூர் அங்கிருந்து தெற்கே, சாலை வழியாக நூறு கிலோமீட்டருக்கும் மேல், வேறொரு பாசனப் படுகையில் இருக்கிறது. இந்த ஆற்றில் விழுந்த எதுவும் அந்தக் குளத்துக்குப் போய்ச்சேர வழி கிடையாது. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று புத்தியில்லாத காரியத்தை இன்றும் கேலி செய்கிறோம். சுந்தரர் போட்டார். ஆனால் போடுவதற்குமுன் பொன்னின் மாற்றை அறிய மச்சம் வெட்டி வைத்துக்கொண்டார் என்கிறார் சேக்கிழார். நம்பிக்கை உண்டு, மாதிரியும் கையில் உண்டு.

திருவாரூரில் கமலாலயக் குளத்தில் இறங்கித் துழாவுகிறார். கிடைக்கவில்லை. கரையில் நின்ற அவர் மனைவி பரவையார், ஆற்றில் போட்டதைக் குளத்திலா தேடுகிறீர்கள் என்று சிரிக்கிறார். அப்போது பாடியதாகச் சேக்கிழார் சொல்லும் பதிகம் நமக்குக் கிடைத்திருக்கிறது. திருவாரூர்க் கரையில் நின்றுகொண்டு முதுகுன்றத்து இறைவனைக் கூப்பிடுகிறார். தேவர்களெல்லாம் கூட நிற்கத்தானே எனக்குப் பொன் தந்தீர், இதோ இந்தப் பரவை வாடுகிறாள், என் இக்கட்டைத் தீர்த்து வையுங்கள் என்று கேட்கிறார். தந்தபோது யார் யார் பார்த்திருந்தார்கள் என்று சாட்சி சொல்லிக் கேட்கும் குரல் அது. புராணப்படி பொன் வருகிறது. உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைகிறது. மீண்டும் பாடுகிறார், மாற்று நேராகிறது. கமலாலயக் கரையில் மாற்றுரைத்த விநாயகர் சந்நிதி இன்றும் இருக்கிறது. குறைந்த மாற்றுப் பொன்னை, கிடைத்தவரை லாபம் என்று மடியில் கட்டிக்கொண்டு போகவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

நெல் கதையில் விடை அளவுமீறி வருகிறது. குண்டையூரில் கிடைத்த நெல்லைத் திருவாரூருக்குத் தூக்கிப்போக ஆளில்லை, ஆள் அனுப்பு என்று திருக்கோளிலிப் பதிகத்தில் சுந்தரர் வெளிப்படையாகவே கேட்கிறார். திருக்கோளிலி இன்றைய திருக்குவளை. இரவோடு இரவாகப் பூதங்கள் கொண்டுவந்து கொட்டிய நெல்லில் ஊரார் நடக்க வழியில்லாமல் போயிற்றாம். அவரவர் வீட்டு எல்லையில் கிடக்கும் நெல்லை அவரவர் எடுத்துக்கொள்ளலாம் என்று பரவையார் பறையறைவித்தார் என்று சேக்கிழார் எழுதுகிறார். ஒரு வீட்டுக்குக் கேட்டது ஊருக்குக் கிடைத்தது.

இதுவரை பார்த்தவற்றில் விடை இடம் மாறியோ அளவு மாறியோ வந்தது. திருவொற்றியூரில் கேட்டது அட்சரம் பிசகாமல் கிடைத்து, கேட்டவருக்கு எதிராகவே திரும்புகிறது. ஞாயிறு என்ற ஊரில் பிறந்து, ஒற்றியூர்க் கோயிலுக்கு மாலை கட்டிவந்த சங்கிலியாரை மணக்க விரும்புகிறார் சுந்தரர். பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்தால்தான் ஆகும் என்று நிபந்தனை. திருவாரூர்ப் பரவையை விட்டுவிட முடியாது என்று அவருக்கே தெரியும். எனவே இறைவனிடம் தனியாக ஓர் ஏற்பாடு கேட்கிறார்: நான் சத்தியம் செய்ய வரும் நேரத்தில் நீ கருவறையில் இராமல் வெளியே மகிழமரத்தடியில் இரு. அப்படியே ஆகட்டும் என்று வாக்குக் கிடைக்கிறது. அதே இரவு இறைவன் சங்கிலியார் கனவில் போய், சந்நிதியில் சத்தியம் வாங்காதே, மகிழின்கீழ் வாங்கு என்று சொல்லிவிடுகிறார். மறுநாள் மகிழடிக்கு அழைத்ததும் சுந்தரருக்குத் திக்கென்றிருக்க வேண்டும். தப்ப வழியில்லாமல் சத்தியம் செய்கிறார். பின்பு திருவாரூர் வசந்தவிழா நினைவுக்கு வருகிறது, கிளம்புகிறார், ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரு கண்ணும் மறைகின்றன. வேண்டுதலில் இருந்த சூழ்ச்சிக்கு, வேண்டுதலை நிறைவேற்றியே பதில் தருகிற இந்தக் கட்டம் பெரியபுராணத்தின் கூர்மையான இடங்களில் ஒன்று. ஒற்றியூரில் இதை மாசி மாதத்தில் மகிழடி சேவை என்று விழாவாகவே கொண்டாடுகிறார்கள்.

அங்கிருந்து நடந்து வந்து சேர்ந்த தலம்தான் திருவெண்பாக்கம். அந்தப் பதிகத்தின் அமைப்பே வித்தியாசமானது. பெரும்பாலான பாடல்களில் ஒரு கேள்வி, ஒரு பதில். செய்த பிழையைப் பொறுத்துக்கொள்வாய் என்றுதானே நம்பினேன் என்று தொடங்கி, கோயிலுக்குள் நீ இருக்கிறாயா என்று கேட்கிறார். இருக்கிறோம், போ என்று பதில் வருகிறது. வாசலில் நின்று கூப்பிடுகிற ஆளுக்கு, எழுந்து வராமல் வீட்டுக்காரர் உள்ளேயிருந்தபடி குரல் கொடுப்பதைப் போல. அடுத்தடுத்த பாடல்களிலும் அதே பதில். பதிகம் முடியும் தறுவாயில்தான் கோல் வருகிறது. சங்கிலியை எனக்குத் தந்தவனே நீதானே என்று சொல்லிக் கேட்கும் பாடலில், ஊன்றிக்கொள்ள ஒரு கோலைக் கொடுத்துவிட்டு, இருக்கிறோம் போ என்றான் என்று பாடுகிறார். ஆக, கோல் புராணத்தார் கட்டிய கதையாக இருக்க முடியாது. சுந்தரரே வாங்கியதைச் சொல்கிறார். அந்தப் பாடலில் அதற்கு ஒரு நன்றிச் சொல்லும் இல்லை. கோபத்தில் அந்தக் கோலை அவர் வீசியெறிந்ததில் நந்தியின் கொம்பு முறிந்தது என்று தலவரலாறு சொல்கிறது. சேக்கிழார் சொல்லாத செய்தி இது. ஆனாலும் பதிகத்தின் தொனியை ஊர்க்காரர்கள் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

ஐயப்படுகிறவர்களுக்கு இந்த இடத்தில் நியாயமான கேள்வி ஒன்று உண்டு. கேட்டது கிடைத்தால் அருள், வேறு ஏதாவது கிடைத்தால் அதுவும் அருள், ஒன்றுமே கிடைக்காவிட்டால் காத்திருக்கச் சொன்ன அருள் என்றால், விடை என்ற சொல்லுக்கு என்ன பொருள் மிஞ்சும்? 2006-இல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் பென்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, ஆறு மருத்துவமனைகளில் இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1802 பேரைப் பார்த்தது. தமக்காகப் பிறர் பிரார்த்திப்பது உறுதியாகத் தெரியாத இரு பிரிவினரில், பிரார்த்திக்கப்பட்டவர்களில் 52 சதவீதம் பேருக்கும் பிரார்த்திக்கப்படாதவர்களில் 51 சதவீதம் பேருக்கும் சிக்கல்கள் ஏற்பட்டன. பிரார்த்தனை நடப்பது உறுதியாகத் தெரிந்தவர்களில் அது 59 சதவீதம். பக்தர்கள் இதற்குச் சொன்ன சமாதானங்களில் ஒன்று, இறைவன் வேறு வழியில் விடை தந்திருப்பான் என்பது. எந்த முடிவு வந்தாலும் பொருந்துகிற சமாதானம் எந்த முடிவையும் விளக்குவதில்லை. ஐயவாதிகள் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்தக் குற்றச்சாட்டு சுந்தரரைத் தொடாது. அவர் கோலைக் கண் என்று சொல்லவே இல்லை. கோல் கோல்தான், கண் இன்னும் பாக்கி என்பதில் அவருக்குக் குழப்பம் இல்லை. கோலை ஊன்றிக்கொண்டு திருவாலங்காடு வழியாகக் காஞ்சிக்கு நடக்கிறார், கேட்டுக்கொண்டே நடக்கிறார். கிடைத்த மாற்றுப் பொருளை உபயோகித்துக்கொண்டே, கேட்டதை விட்டுக்கொடுக்காமல் இருப்பது ஒரு தனி வகை நம்பிக்கை. கிடைத்ததே போதும் என்று சமாதானம் ஆகிறவர்களின் அமைதி அதில் இல்லை.

கிறித்தவ மரபில் இதற்கு இணையாகப் பலரும் காட்டும் நிகழ்ச்சி 383-இல் கார்த்தேஜில் நடந்தது. மகன் அகஸ்தீன் ரோமுக்குக் கப்பலேறக்கூடாது என்று தாய் மோனிக்கா அழுதாள். அவளிடம் பொய் சொல்லிவிட்டு, அவள் புனித சிப்ரியன் நினைவாலயத்தில் பிரார்த்தித்துக்கொண்டிருந்த இரவில் அவன் கப்பலேறிவிட்டான். ரோமிலிருந்து மிலான், அங்கே ஆயர் அம்புரோஸ், 386-இல் மனமாற்றம், 387-இல் திருமுழுக்கு. தாய் அந்த இரவில் கேட்டதை இறைவன் மறுத்தது, அவள் ஆயுள் முழுக்கக் கேட்டதைத் தருவதற்காகவே என்று அகஸ்தீன் தம் ஒப்புதல்கள் நூலில் எழுதினார். ஆழமான வாசிப்பு, ஐயமில்லை. ஆனால் அதைப் பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து, ஆயராக இருந்துகொண்டு எழுதுகிறவர் மகன். அன்றிரவு மோனிக்கா வாய்விட்டுச் சொன்ன சொற்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அகஸ்தீன் அங்கே தம் தாய்க்குச் சேக்கிழாராக இருக்கிறார். சுந்தரருக்குச் சேக்கிழாரும் கிடைத்தார். அன்றைய சொற்களும் பிழைத்தன.

காஞ்சி ஏகம்பத்தில் இடக்கண் திரும்புகிறது. திருத்துருத்தியில், இன்றைய குத்தாலத்தில், அவரை வருத்திய உடல்நோயும் தீர்கிறது. ஒற்றைக் கண்ணோடு திருவாரூர் வந்தவர் பாடிய பதிகம்தான் இந்த வரிசையின் உச்சம். மற்றக் கண்ணைத் தராவிட்டால் நீங்கள் நன்றாக வாழ்ந்துகொள்ளுங்கள் என்கிறார். நான் அடகுப் பொருள் இல்லை, விரும்பி அடிமையானவன், வேண்டுமானால் விற்றுக்கொள்ளுங்கள் என்கிறார். உம் அடியார் நடுவே நாய்போலத் திரிந்தாலும் வாயைக்கூடத் திறக்க மாட்டீர்களா என்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, குற்றம் எதுவும் செய்யாத என் கண்ணை ஏன் பறித்தீர், பழி உமக்குத்தான் என்கிறார். வெண்பாக்கத்தில் பிழையைப் பொறுக்கச் சொன்னவர், ஆரூரில் பிழையே செய்யவில்லை என்று சாதிக்கிறார். சத்தியம் மீறியது ஊரறிந்த செய்தி. உரைகாரர்கள் இந்த முரணுக்குத் தத்துவ விளக்கம் தேடுகிறார்கள். தேட வேண்டாம் என்பது என் எண்ணம். பார்வை பாதி வந்து பாதி வராமல் நிற்கும் ஒருவரின் பொறுமை தீர்ந்த பேச்சு இது. நியாயமாகப் பேச வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை, எதிரில் இருப்பவரும் அதை எதிர்பார்க்கவில்லை. தம்பிரான் தோழர் என்று அவரை அழைப்பதற்கு இந்தப் பதிகம் ஒன்றே போதும். இது பாடித்தான் வலக்கண் வந்தது என்கிறது புராணம்.

அதன்பிறகும் கதை சுலபமாகிவிடவில்லை. சங்கிலியை மணந்த செய்தி கேட்டுப் பரவையார் கதவடைக்கிறார். இறைவனே இரவில் இருமுறை தூது நடக்கிறார். தூது பலித்ததில் சுந்தரருக்கு ஒரு பகைவர் முளைக்கிறார்: பெண்ணிடம் இறைவனையா தூது அனுப்புவது என்று கொதித்த ஏயர்கோன் கலிக்காமர். அவருக்குச் சூலைநோய் வருகிறது, சுந்தரர்தான் தீர்க்க முடியும் என்று இறைவன் சொல்கிறார். அவன் வந்து தீர்ப்பதைவிடச் சாவதே மேல் என்று கலிக்காமர் வயிற்றைக் கிழித்துக்கொள்கிறார். வந்த சுந்தரரும் அதே வாளை எடுக்க, கலிக்காமர் உயிர்பெற்று எழுந்து கையைப் பிடிக்கிறார். இருவரும் நண்பராகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், சேக்கிழார் கொண்ட வரிசைப்படி இதற்கெல்லாம் வெகுமுன்பே அடியார்களைப் போற்றிப் பாடிய திருத்தொண்டத்தொகையில், கலிக்காமன் அடியார்க்கும் அடியேன் என்று சுந்தரர் பாடி முடித்திருந்தார்.

ஏழாம் திருமுறையைக் கையில் எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பதிகத்தின் தலைப்பிலும் அச்சிட்டிருக்கும் புராணக் குறிப்பைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். கண் வரப்போகிறது என்று தெரியாதவராகவே வெண்பாக்கத்தையும் ஆரூரையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். பிறகு சேக்கிழாரிடம் போகலாம். வேண்டியது கிடைக்காமல் தவிக்கும் யாருக்காவது, கடவுள் வேறு வழியில் தருவார் என்று நீங்கள் ஆறுதல் சொல்லக் கிளம்புவதாக இருந்தால், அதற்கும் முன்னால் இந்த இரண்டு பதிகங்களைப் படித்துவிட்டுப் போங்கள்.